காலேஜ் சிஸ்டத்தை ‘ஹேக் பண்ணிட்டாங்களா’? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பெங்களூரில் எந்தக் கல்லூரியின் சர்வர் அறைக்குள் போனாலும் தமிழ் காதில் விழும். ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த லேப் இன்ஸ்ட்ரக்டர், அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ வீடு வைத்திருக்கும் கேபிள் கான்ட்ராக்டர், சிஸ்டம் அட்மின் என்ற பெயரில் பிரிண்டர் முதல் சிசிடிவி வரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் ஒருவர். இந்தக் குறிப்பு அவர்களுக்காக.

ஏதாவது ஒன்று நின்றுபோனால் உடனே ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் “சைட்டை ஹேக் பண்ணிட்டாங்களாம்” என்று ஓட ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் அது ஹேக்காக இருக்காது. நிஜமாகவே உள்ளே ஆள் புகுந்திருக்கும்போதோ யாரும் சத்தம் போடுவதில்லை. “எனக்கு வர வேண்டிய மெயில் வரல சார்” என்று ஒரு சாதாரணப் புகாராகத்தான் அது வந்து நிற்கும். அதனால் எந்தப் புகாரானாலும் முதலில் கேட்க வேண்டியவை: ஒருவருக்கா, எல்லோருக்குமா? எப்போதிலிருந்து? அதற்கு முன்னால் என்ன மாற்றினோம்? பதிலை நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, அப்புறம் கை வையுங்கள்.

“வைஃபை கனெக்ட் ஆகுது, நெட் வரல”

ஹாஸ்டலிலிருந்து “நெட் பர்த்தா இல்லா சார்” (நெட் வரல சார்) என்று கன்னடத்தில் போன் வந்தால் ரௌட்டரை அணைத்துப் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். புகார் சொல்பவரின் லேப்டாப்பில் ஐபி முகவரி என்ன என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

169.254 என்று தொடங்கினால், வலையில் சேரும் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து அந்தக் கருவிக்கு முகவரியே கிடைக்கவில்லை. சர்வர் நின்றிருக்கலாம், ஆனால் கல்லூரியில் அடிக்கடி நடப்பது, கொடுக்க முகவரி தீர்ந்துபோவது. ஒரு சாதாரணப் பிரிவில் 254 முகவரிகள்தான் இருக்கும். நானூறு மாணவர்கள் ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப் என்று வந்தால் எங்கே போதும்? விண்டோஸ் சர்வரில் ஒரு முகவரியை ஒருவருக்குக் கொடுத்தால் 8 நாள் வரை அவருக்கே ஒதுக்கி வைப்பதுதான் தானாக அமைந்த வழக்கம். காலையில் கேன்டீனில் ஒரு நிமிடம் இணைந்துவிட்டுப் போனவரின் முகவரியும் அடுத்த வாரம் வரை பூட்டியே கிடக்கும். மாணவர் வைஃபைக்கு அதை ஒன்று, இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிட்டு, முகவரிப் பிரிவைப் பெரிதாக்குங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கல்: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை, அதாவது கருவிக்கே உரிய அடையாள எண்ணை, காட்டுவதில்லை. ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு பொய் முகவரியைச் சொல்கின்றன. மேக் முகவரியைப் பதிவு செய்துதான் அனுமதி என்று வைத்திருக்கும் கல்லூரிகளில் “நேத்து வரைக்கும் வந்துச்சு” என்ற புகாருக்கு இதுவே காரணமாக இருக்கலாம். போனில் அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் அந்த அமைப்பை அணைக்கச் சொல்லலாம். மாணவர் பெயர், பாஸ்வேர்டு கேட்கும் முறைக்கு மாறுவதுதான் நிரந்தரத் தீர்வு.

கல்லூரி வலை 10 என்று தொடங்கும்போது லேப்டாப்பில் 192.168.0 அல்லது 192.168.1 என்று தெரிந்தால், ஹாஸ்டலில் யாரோ சொந்த ரௌட்டரைக் கொண்டுவந்து சுவரில் உள்ள போர்ட்டில் செருகியிருக்கிறார்கள். அதுவும் தன் பங்குக்கு முகவரி கொடுக்கிறது. அந்த மாடியின் கேபிள்களெல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சில் எந்தப் போர்ட் என்று பார்த்து மூடுங்கள். அதற்கு முன் அந்தப் பையனிடம் கோபமில்லாமல் பேசுங்கள். சிக்னல் வராத அறையில் இருப்பவன்தான் இதைச் செய்வான். கண்ட கருவியும் முகவரி கொடுப்பதைத் தடுக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்ற வசதி ஸ்விட்சில் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், இந்தப் புகார் திரும்ப வராது. இதே வசதி இல்லாத இடத்தில்தான், வேண்டுமென்றே போலி சர்வர் வைத்து மற்றவர்களின் போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்பவும் முடியும்.

முகவரியும் சரி, ஆனால் மொத்த பிளாக்கும் திணறுகிறது, ஸ்விட்சில் எல்லா விளக்கும் ஒன்றாக மின்னுகிறது என்றால் லூப். ஒரே கேபிளின் இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில் செருகப்பட்டிருக்கும். கூட்டிப் பெருக்கியவர் தொங்கிக்கொண்டிருந்த முனையைப் பார்த்து நல்ல மனதோடு செருகியிருப்பார். ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பாருங்கள். லூப்பைத் தானாகத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயை இயக்காமல் ஸ்விட்சை மாட்டிவிட்டுப் போன கான்ட்ராக்டரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

“இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று வருது”

ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் வந்தால் வலது மூலையில் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி சில வருடம் பின்னால் இருந்தால் மதர்போர்டு பேட்டரி செத்துவிட்டது. பெஸ்காம் கரண்ட் போய் வந்ததும் தெரியவரும். எஸ்.பி. ரோட்டில் சிஆர்2032 பேட்டரி சில பத்து ரூபாய்தான். லேப் முழுவதற்கும் சேர்த்து வாங்கி வையுங்கள்.

எல்லோருக்கும் வந்தால், தளம் அசல்தான் என்று உலாவிக்குக் காட்டும் சர்வரின் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். இது இனி அடிக்கடி வரப்போகிற தலைவலி. சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 398 நாளாக இருந்தது. 2026 மார்ச் 15 முதல் 200, 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று குறைக்க உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் முடிவெடுத்துவிட்டன. வருடம் ஒருமுறை பில் போட்டு, பர்ச்சேஸ் கமிட்டியில் கையெழுத்து வாங்கி மாற்றிக்கொண்டிருக்கும் முறை இதற்குத் தாங்காது. லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற இலவசச் சான்றிதழைத் தானாகப் புதுப்பிக்கும்படி இப்போதே அமைத்துவிடுங்கள்.

வளாக வைஃபையில் மட்டும் எச்சரிக்கை வருகிறது, வீட்டில் வரவில்லை என்றால் ஃபயர்வாலின் லாகின் பக்கம்தான் காரணமாக இருக்கும். “அட்வான்ஸ்டு போய் ப்ரொசீட் குடுப்பா” என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். நாளைக்கு நிஜமான போலித்தளம் வந்தாலும் அதையேதான் செய்வார்கள்.

“கூகுளில் காலேஜ் பெயரைத் தேடினால் சூதாட்டம் வருது”

இது பிரமை இல்லை, உண்மையான ஊடுருவல். ஏசி டாட் இன் என்று முடியும் கல்லூரி முகவரிகளுக்குத் தேடுபொறிகளில் மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பைத் திருடத்தான் சூதாட்ட, போலி மருந்துக் கும்பல்கள் கல்லூரித் தளங்களுக்குள் பக்கங்களைச் செருகுகின்றன. இந்தோனேசிய மொழியில் ஸ்லாட் விளையாட்டு, ஜப்பானிய மொழியில் கைப்பை விற்பனை, இப்படி எதுவும் இருக்கலாம்.

இதில் குழப்புவது என்னவென்றால், நீங்கள் நேராகத் தளத்தைத் திறந்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். பிரின்சிபாலும் திறந்து பார்த்துவிட்டு “நல்லாத்தானே இருக்கு” என்பார். கூகுளின் ரோபோ வரும்போதும், கூகுள் தேடல் வழியாக ஒருவர் வரும்போதும் மட்டும் வேறு பக்கம் காட்டும்படி எழுதியிருப்பார்கள். ஆகவே கூகுளில் உங்கள் டொமைனுக்குள் மட்டும் தேடும் கட்டளையோடு (site: என்று போட்டு டொமைன் பெயர்) ஸ்லாட், கேசினோ போன்ற சொற்களைப் போட்டுப் பாருங்கள். தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் கொடுத்தால் கூகுள் கண்ணுக்கு எது தெரிகிறதோ அது தெரியும்.

சர்ச் கன்சோலுக்குள் போனதும் உரிமையாளர் பட்டியலைப் பாருங்கள். தெரியாத ஜிமெயில் ஒன்று உட்கார்ந்திருக்கலாம். புகுந்தவர்கள் சரிபார்ப்பு ஃபைலைத் தாங்களே சர்வரில் வைத்து உரிமையாளர் ஆகிவிடுவது வழக்கம். அந்த ஃபைலை அழிக்காமல் பெயரை மட்டும் நீக்கினால் திரும்ப வந்துவிடுவார்கள்.

அப்புறம் சர்வர். எதையும் அழிக்கும் முன், இருக்கிறபடியே ஒரு முழு நகல் எடுத்துத் தனி டிஸ்கில் வையுங்கள். லாக் ஃபைல்களையும் சேர்த்து. பிறகு தேட வேண்டிய இடங்கள்: படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய அப்லோட் ஃபோல்டரில் பிஎச்பி ஃபைல் ஏதாவது இருக்கிறதா, வருபவரை எந்தப் பக்கத்துக்கு அனுப்புவது என்று சர்வருக்குச் சொல்லும் எச்டிஅக்சஸ் ஃபைலில் யாரும் எழுதாத வரிகள் இருக்கின்றனவா, குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலான க்ரானில் புதிய வேலை சேர்ந்திருக்கிறதா, வேர்ட்பிரஸ்ஸில் தெரியாத அட்மின் இருக்கிறாரா. ஃபைலின் தேதியை நம்பாதீர்கள், அதையும் மாற்றுவார்கள். வேர்ட்பிரஸ்ஸின் மூல ஃபைல்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்வதைவிட, புதிதாக இறக்கி மொத்தமாக மாற்றுவது எளிது. கடைசியில் டேட்டாபேஸ், எஃப்டிபி, ஹோஸ்டிங் பேனல் என்று எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். அழித்த பக்கங்கள் 404 அல்லது 410 (பக்கம் இல்லை) என்று பதில் சொல்ல வேண்டும். முகப்புக்குத் திருப்பிவிட்டால் கூகுள் அவற்றை மறக்க நாளாகும்.

உள்ளே வந்த வழியைக் கண்டுபிடிக்காவிட்டால் இந்த வேலையை அடுத்த மாதம் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டியதைத் திருட்டுத்தனமாக இறக்கிய தீம், புதுப்பிக்காத பிளக்இன் ஆகியவை தெரிந்த வழிகள். கல்லூரிக்கே உரிய வழிகள் வேறு சில. முன்னாள் மாணவர் ஒருவர் சிம்போசியத்துக்காகச் செய்த தளம், நிகழ்ச்சி முடிந்து வருடக்கணக்காகியும் அதே ஹோஸ்டிங் கணக்கில் கிடக்கும். ஃபெஸ்ட்டுக்காக உருவாக்கிய துணை டொமைன், ரத்து செய்துவிட்ட ஒரு கிளவுட் சேவையைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பெயரை வேறு யாராவது எடுத்தால் உங்கள் டொமைனில் அவர் கடை திறந்துவிடுவார், உங்கள் சர்வரைத் தொடவே வேண்டாம். துறை ஆய்விதழை வெளியிடப் போட்ட ஓஜேஎஸ் மென்பொருளின் பழைய பதிப்பு இன்னொன்று. ஆன்லைன் வகுப்புக்கான மூடுல் தளத்தில் யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கலாம் என்று விட்டிருந்தால், சுயவிவரப் பக்கத்திலேயே சூதாட்ட இணைப்புகளை எழுதிவைப்பார்கள். பொறுப்பாளர் பெயர் இல்லாத எந்தத் துணை டொமைனையும் நீக்கிவிடுங்கள். உரிமையாளர் இருந்தால் தானாகவே கூச்சல் வரும்.

“தளமும் இல்லை, மெயிலும் இல்லை”

இரண்டும் ஒரே நேரத்தில், வெளியிலிருந்து பார்த்தாலும் போய்விட்டதா? சர்வரைத் தொடாதீர்கள். டொமைன் புதுப்பித்தலைப் பாருங்கள். ஏசி டாட் இன், ஈடியூ டாட் இன் முகவரிகளைத் தருவது எர்நெட் என்ற மத்திய அரசு அமைப்பு. நினைவூட்டல் மெயில், ஓய்வுபெற்றுப் போன ஹெச்ஓடியின் சொந்த முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

“அட்மிஷன் மெயில் எல்லாம் ஸ்பேமில் விழுது”

ஜிமெயிலில் அந்த மெயிலைத் திறந்து ‘ஷோ ஒரிஜினல்’ கொடுங்கள். மெயில் நிஜமாகவே உங்கள் டொமைனிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று சோதனையும் பாஸ் ஆனதா என்று மேலே சொல்லிவிடும். ஒரு நாளைக்கு 5000-க்கு மேல் ஜிமெயில்களுக்கு அனுப்புவோருக்கு இந்த மூன்றையும் 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் கட்டாயமாக்கிவிட்டது. சிஇடி, காமெட்கே நுழைவுத் தேர்வு முடிவு வந்த வாரத்தில் அந்த எண்ணிக்கையைத் தொடுவது பெரிய விஷயமில்லை.

பார்த்த உடனே பிடிபடும் தவறு, டொமைனின் விவரங்கள் இருக்கும் டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப் வரி (யார் யார் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல்) இரண்டு இருப்பது. மெயில் கொடுத்தவர் ஒன்றைப் போடச் சொன்னார், அட்மிஷன் சாஃப்ட்வேர்காரர் இன்னொன்றைப் போடச் சொன்னார். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்த்த வரியைச் சரிபார்க்க 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் தேவைப்பட்டாலும் தோல்விதான். டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் வைத்து, வரும் அறிக்கையில் உங்கள் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பிறகு இறுக்குங்கள். எடுத்த எடுப்பிலேயே நிராகரிக்கச் சொன்னால் சம்பளச் சீட்டு மெயில்கூட வராது, அக்கவுன்ட்ஸ் அக்கா சும்மா விடமாட்டார்.

“நான் அனுப்பாத மெயில் என் பெயரில் போகுது”

முதலில் பிரிக்க வேண்டியது: வெளியிலிருந்து பெயரை மட்டும் போட்டு அனுப்புகிறார்களா, கணக்கே கைமாறிவிட்டதா? பிரின்சிபாலின் போட்டோவை வைத்துத் தெரியாத எண்ணிலிருந்து “மீட்டிங்கில் இருக்கிறேன், கிஃப்ட் கார்டு வாங்கி அனுப்புங்கள்” என்று வரும் வாட்ஸ்அப் முதல் வகை. அதற்குச் சர்வரில் செய்ய ஒன்றுமில்லை. எல்லோருக்கும் சொல்லிவிட்டு, யாராவது பணம் அனுப்பிவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடிந்தால்தான் உண்டு.

கணக்கே போயிருந்தால் பாஸ்வேர்டு மாற்றுவது மட்டும் போதாது. எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் திறந்து பாருங்கள். “சம்பளம்”, “இன்வாய்ஸ்” என்ற சொல் வந்தால் வேறு முகவரிக்கு அனுப்பிவிட்டு இங்கே அழித்துவிடு என்று ஒரு விதி எழுதியிருப்பார்கள். ஆரம்பத்தில் சொன்ன “மெயில் வரல சார்” புகார் இதுதான். மீட்பு எண், இணைந்திருக்கும் வெளி ஆப்கள் ஆகியவற்றையும் பாருங்கள். டூ ஸ்டெப் போட்டிருந்தும் போய்விட்டது என்றால், அவர் கம்ப்யூட்டரில் கிராக் செய்த மென்பொருள் ஏதாவது இறக்கினாரா என்று கேளுங்கள். அதோடு வரும் திருட்டு நிரல், உலாவியில் ஏற்கனவே திறந்திருக்கும் லாகினையே தூக்கிக்கொண்டு போய்விடும். பாஸ்வேர்டும் ஓடிபியும் அதற்குத் தேவையில்லை. அந்தக் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்யாமல் அங்கேயே உட்கார்ந்து புதிய பாஸ்வேர்டு போடுவதில் பயனில்லை.

“ரிசல்ட் அன்னைக்கு போர்ட்டல் படுத்துடுச்சு”

தன்னாட்சிக் கல்லூரிகளில் இதைத் தாக்குதல் என்று சொல்லிவிடுவது வசதியான சமாதானம். லாகைப் பாருங்கள். எல்லாக் கோரிக்கையும் ரிசல்ட் பக்கத்துக்கே, வெவ்வேறு பதிவெண்ணோடு வந்தால் அது உங்கள் மாணவர்கள்தான். போர்ட்டலுக்குப் பின்னால் இருக்கும் டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் என்றால், அது தானாக அனுமதிப்பது ஒரே நேரத்தில் 151 இணைப்பு. அதற்கு மேல் வந்தால் கதவைச் சாத்திவிடும். ஒரே ஐபியிலிருந்து நிறைய வருகிறதே என்று தடுத்துவிடாதீர்கள். மொபைல் நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. ஒரு வகுப்பையே வெளியே தள்ளியதாக ஆகிவிடும். முடிவுகளை முந்தைய இரவே தனித்தனிப் பக்கமாகத் தயாரித்து வைத்து, துறைக்கு ஒரு நேரம் கொடுத்து வெளியிடுங்கள். ஆனால் பக்கத்தின் முகவரியில் பதிவெண் மட்டும் இருந்தால், யாரும் யாருடைய மதிப்பெண்ணையும் பார்க்கலாம். பிறந்த தேதியாவது கேளுங்கள்.

“பென்டிரைவில் எல்லாம் ஷார்ட்கட்டா தெரியுது”

ஃபைல்கள் போகவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. ஷார்ட்கட்டைச் சொடுக்காதீர்கள். மறைந்த ஃபைல்களைக் காட்டும் அமைப்பைப் போட்டு, நகலெடுத்து, ஸ்கேன் செய்து, பென்டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென்டிரைவைப் பிரின்சிபால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போடாமல் இருந்தாலே பாதி தொல்லை தீரும்.

“ஃபைல் திறக்கல, பெயரெல்லாம் மாறியிருக்கு”

ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு குறிப்பு கிடந்தால் சந்தேகமே வேண்டாம், ரான்சம்வேர். முதல் வேலை, கேபிளைப் பிடுங்குவது, வைஃபையை அணைப்பது. கம்ப்யூட்டரை ஆஃப் செய்ய வேண்டாம். நினைவகத்தில் தடயம் இருக்கும். அடுத்து ஃபைல் சர்வர், அப்புறம் பேக்கப் இருக்கும் பெட்டி, இரண்டையும் வலையிலிருந்து விலக்குங்கள். மிரட்டல் குறிப்பைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது. 2019 டிசம்பர் 23 அன்று அங்கே 267 சர்வர்கள் பூட்டப்பட்டன. ஆனால் புகுந்தது அன்றல்ல, அக்டோபர் நடுவில், ஒரு ஃபிஷிங் மெயில் வழியாக. இடைப்பட்ட இரண்டு மாதமும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். பேக்கப் சிலவும் அதே வலையில் இருந்ததால் பூட்டப்பட்டன. கடைசியில் 30 பிட்காயின், ஏறத்தாழ 2 லட்சம் யூரோ, கொடுத்தார்கள். அதனால் நேற்றைய பேக்கப்பைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்தப் பேக்கப்பிலேயே ஆள் இருக்கலாம். சர்வரைப் புதிதாக நிறுவி, தரவை மட்டும் எடுத்து வையுங்கள்.

பேக்கப் கம்ப்யூட்டரில் இசட் டிரைவாக எப்போதும் தெரிந்துகொண்டிருந்தால் அது பேக்கப் கணக்கில் சேராது. டாலி ஃபைலும் மாணவர் பதிவும் வாரம் ஒருமுறையாவது பிடுங்கி வைக்கும் டிஸ்கில் இருக்க வேண்டும். பேக்கப் இல்லை என்றால், ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் அந்த வகைக்கு இலவசச் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். சில பழைய வகைகளுக்கு உண்டு.

மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கடிகாரங்களை என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேரத்தோடு பொருத்தியிருக்க வேண்டும். “நாம டிரஸ்ட்தானே, நமக்கு இது பொருந்துமா” என்று நிர்வாகம் விவாதிக்கும். விவாதிக்கட்டும், நீங்கள் அறிக்கையை அனுப்பச் சொல்லுங்கள். போலீஸ் புகாருக்கு உங்கள் பகுதியின் சென் (சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றங்களுக்கான) காவல் நிலையம் இருக்கிறது. மாணவர்களின் ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் அந்த ஃபோல்டரில் இருந்ததா என்பதையும் எழுதி வையுங்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. அவை முழுமையாக அமலாகும்போது, கசிவைச் சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல்லாமல் மூடிவைக்க முடியாது.

எந்தக் கம்ப்யூட்டர் வழியாக வந்தது என்று தேடும்போது, மூலையில் ஏதோ ஒரு ஆய்வகக் கருவியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 7-ஐ மறக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. மாற்ற முடியாத கருவியைத் தனி விலேனில் (மற்றவற்றிலிருந்து பிரித்த வலைப் பகுதி) போட்டு இணையத்தை வெட்டிவிடுங்கள்.

“மார்க் மாறியிருக்கு”

இங்கே ஹேக்கரைத் தேடுவதற்கு முன் மதிப்பெண் போர்ட்டலின் ஆடிட் லாகைத் தேடுங்கள். எந்த லாகின், எந்த ஐபி, எத்தனை மணி. பெரும்பாலும் சரியான பாஸ்வேர்டோடு, ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரிலிருந்தே மாற்றம் நடந்திருக்கும். துறைக்கு ஒரே லாகின், அதுவும் மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் ஒட்டியிருந்தால், அந்த லாக் யாரையும் காட்டிக்கொடுக்காது. யார் மேல் வேண்டுமானாலும் பழி விழும். தற்காலிக ஆசிரியர் மேல்தான் முதலில் விழும். அதனால் வாய்வழியாக யார் பெயரையும் சொல்லாதீர்கள். லாக் ஃபைலின் நகலை எடுத்து, பிறகு யாரும் அதை மாற்றவில்லை என்று காட்ட அதன் ஹாஷ் எண்ணைக் குறித்துக் கையெழுத்திட்டு, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் எழுத்து மூலமாக ஒப்படையுங்கள். அந்தப் பொது லாகினை அன்றைக்கே முடக்கி, ஆளுக்கு ஒரு கணக்கும் டூ ஸ்டெப்பும் கொடுங்கள். தாளில் எழுதிய மதிப்பெண் பட்டியலோடு எல்லாப் பாடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், புகார் வந்த பாடத்தை மட்டுமல்ல.